ஞானக்கண்ணும் விளக்குமாறும்

தீ என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று உலகத்தில் ஒரு பொது நம்பிக்கை உண்டு. தகட்டு ஆலையின் பழைய உலைக்கு அந்த நம்பிக்கையில் ஈடுபாடு கிடையாது. அதன் வயிற்றுக்குள் இருப்பது ஹைட்ரஜன். எஃகுச் சுருள்கள் வேகும்போது கறுத்துப்போகாமல் இருக்க அந்த வாயுவில்தான் வேகவைப்பார்கள். கதவின் விளிம்பில் கொஞ்சம் கசிந்தாலும் அது தானே பற்றிக்கொள்ளும். நிறம் இல்லை, புகை இல்லை. நல்ல வெளிச்சத்தில் நின்று பார்த்தால் எதிரே வெறும் காற்று இருப்பதுபோலத்தான் இருக்கும். அந்தக் காற்றுக்குள் கையை விட்டவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் நின்ற இடத்தில் இப்போது தம்பியை நிறுத்தியிருந்தார்கள்.

தம்பிக்கு ஆலையில் 'புருவம்' என்று பெயர். இருப்பதால் வந்த பெயர் அல்ல. உலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டும் பொசுங்கிப் போய்விட்டன.

உலையை நெருங்குகிறவன் நீளக் கைப்பிடி போட்ட விளக்குமாறு ஒன்றை முன்னால் நீட்டிக்கொண்டே போக வேண்டும். நுனி பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது. பற்றாவிட்டால் இன்னும் ஓர் அடி வைக்கலாம். பாதுகாப்புப் பலகையில் இதற்கு 'முன்னறி நடைமுறை' என்று பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் தொழிலாளியின் படத்தையும் வரைந்திருந்தார்கள். படத்தில் இருப்பவனுக்குப் புருவம் இருந்தது.

தம்பியின் அக்கா ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி. முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் அங்கே அவளை எல்லாரும் 'தற்காலிகம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை தற்காலிகம். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அவள் மட்டும் நிரந்தரமாகத் தற்காலிகமாக இருந்தாள்.

அவள் செய்வது ஒரு கண். காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியை நீலக்கல் தகட்டின்மேல் படலம் படலமாக வளர்த்து, நறுக்கி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சில்லாக்கி, வெயிலின் கதிர்களை வடிகட்டும் படிகச் சன்னல் வைத்த உலோகக் குப்பிக்குள் உட்காரவைப்பாள். அந்தக் கண்ணுக்கு வெயில் தெரியாது, விளக்கு வெளிச்சம் தெரியாது, டார்ச் தெரியாது, உலையின் சிவந்த சூடும் தெரியாது. புற ஊதாக் கதிர் ஒன்றுதான் தெரியும். ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாமல் கக்குவது அதைத்தான். படலம் வளர்க்கும் இயந்திரம் பாதியில் படுத்துவிட்டது. அதற்கு முன் வளர்ந்தவற்றில் சில விரிசல் விட்டன, சில மின்சாரத்தைக் கசியவிட்டன. ஒன்றே ஒன்று தேறியது. அந்த ஒன்றை ஒரு பெட்டியில் மணியோடு பொருத்தி, உலைக்கு எதிரே மாட்டிவிட வேண்டும். அவளுக்கு அதற்குமேல் வாழ்க்கையில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்கா குடியிருந்தது மாடியில். தம்பியும் அவன் மனைவியும் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதுக்கு என்னமோ பேர் சொன்னீங்களே?"

"காலியம் நைட்ரைடு."

"பேர்லயே காலி இருக்கு. நல்லா வெச்சாங்க." அவள் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வலது கையில் முழங்கைவரை துணி இல்லை. "வாரம் ஒரு சட்டை இப்படி வருது. சட்டை போறவரைக்கும் சரி. உள்ள இருக்கிற கை போனா நான் எதை மடிச்சு வைக்கிறது?"

"ஏண்டா, வேற பக்கம் மாத்திக் குடுக்கச் சொல்லேன்" என்றாள் அக்கா தம்பியிடம்.

"கேக்கலன்னு நினைச்சியா? நான் போகலேன்னா அந்த இடம் சும்மாவா கிடக்கும்? வேற ஒரு அக்காவோட தம்பி வந்து நிப்பான்." அவன் புருவம் இல்லாத நெற்றியைச் சுருக்கினான். அந்த முகத்தில் எந்த உணர்ச்சி வந்தாலும் ஆச்சரியம் மாதிரியே தெரியும். "நீ சட்டுபுட்டுன்னு உன் பெட்டியைக் கொண்டாக்கா. விளக்குமாறு பிடிச்சுப் பிடிச்சு, வீட்டுல இவளே என்னைப் பார்த்துக் கூட்டுடாங்கிறா."

"கூட்டினாத்தான் என்ன, கை இருக்கும்போதே கூட்டு" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

*

பெட்டி தயாரானது. அதற்கு ஒரு விளக்கப் புத்தகம் வேண்டும் என்றார் ஆய்வு நிலைய இயக்குநர். அவருக்குப் பெட்டிகளைவிடப் புத்தகங்களில் பிடிப்பு அதிகம். பெட்டி வேலை செய்யுமா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். புத்தகம் அச்சானதுமே வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

அக்கா எழுதிக் கொடுத்த முதல் வரியிலேயே அவருடைய பேனா நின்றது. 'காலியம் நைட்ரைடு குறைக்கடத்தியால் ஆன, கண்ணுறு ஒளிக்குக் குருடான தீ உணரி.'

"காலி, குறை, குருடு" என்று அவர் விரல் மடக்கினார். "ஒரே வரியில மூணு. ஏம்மா, இது விளம்பரமா, இரங்கல் செய்தியா?"

"சார், குறைக்கடத்திங்கிறது..."

"நம்ம நிலையத்துல எதுவும் குறைச்சலாக் கடத்தாது. நிறைகடத்தின்னு போடுங்க."

"அந்தக் குருடு ரொம்ப முக்கியம் சார். மத்த வெளிச்சத்துக்குக் குருடா இருக்கிறதாலதான் தீயைச் சரியாக் கண்டுபிடிக்குது. அதான் அதோட பெருமையே."

"குருட்டுல என்னம்மா பெருமை? ஆலைத் தலைவருடைய வாழ்த்துரை இதே புத்தகத்துல வருது. அவர் படத்துக்குக் கீழே குருடுன்னு போட்டா நல்லா இருக்குமா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண் மூடியபடியே சொற்கள் அவரிடம் வரும் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "எல்லா ஒளியும் காணும் ஞானக்கண். எப்படி?"

அக்காவுக்கு மறுப்பு வாய்வரை வந்தது. ஆனால் அன்று காலையில் தம்பி பொசுங்கிய இன்னொரு சட்டையோடு வந்திருந்தான். இதில் வாதாடிக்கொண்டிருந்தால் புத்தகம் தள்ளிப்போகும். புத்தகம் தள்ளிப்போனால் பெட்டி தள்ளிப்போகும். ஒரு சொல்தானே, போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள்.

"நல்லா இருக்கு சார்" என்றாள்.

*

ஏற்புச் சோதனைக்கு ஆலையின் கொள்முதல் அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடியைப் புத்தகம் படிக்க ஒன்று, மனிதர்களைப் பார்க்க ஒன்று என்று இரண்டாக வைத்திருந்தவர். கூடவே ஆலை மேலாளர். நிலையத்தின் சார்பில் இயக்குநர், அவருக்கு ஓர் அடி பின்னால் அக்கா. உலைக்கு எதிரே மேசை போட்டு, விரிப்பு விரித்து, பெட்டியை வைத்திருந்தார்கள்.

உலை சில்லென்று கிடந்தது.

"சோதனைக் குழு வர்றதாலே பாதுகாப்பை முன்னிட்டு உலையை அணைச்சுட்டோம்" என்றார் மேலாளர் பெருமையாக.

அக்கா குறுக்கிட்டாள். "சார், உலை ஓடினாத்தானே கசிவு, தீ எல்லாம். தீ இருந்தாத்தானே இது கண்டுபிடிக்கும்?"

"கசியிற இடத்துல குழுவை நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

"அப்போ ஒரு லைட்டர் பத்தவெச்சுக் காட்டினாப் போதும். லைட்டர் தீயிலயும் அந்தக் கதிர் உண்டு."

மேலாளர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். தீக்குச்சி, லைட்டர் கண்டிப்பாகத் தடை. தீயைக் கண்டுபிடிக்கும் பெட்டியைத் தீயால் சோதிக்க விதியில் இடமில்லை என்று ஆயிற்று.

கொள்முதல் அதிகாரி இதற்குள் கண்ணாடி மாற்றிப் புத்தகத்தைப் படித்துவிட்டார். "எல்லா ஒளியும் காணும்னு போட்டிருக்கு. அப்புறம் என்ன கவலை?" சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, டார்ச்சைப் போட்டுப் பெட்டியின் கண்ணுக்கு நேரே காட்டினார்.

மணி அடிக்கவில்லை.

இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். பிறகு காவலாளியின் பெரிய டார்ச்சை வாங்கி அடித்தார். பெட்டி அசையவில்லை. அது தன் வேலையை அத்தனை அழகாகச் செய்துகொண்டிருந்தது என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"என்னங்க, ஞானக்கண் தியானத்துல இருக்கா?" என்றார் அதிகாரி.

"சார், அதுக்கு அந்த வெளிச்சம் தெரியக்கூடாது" என்று அக்கா முன்னால் வந்தாள். "டார்ச்சுக்கெல்லாம் மணி அடிச்சா அது வேலைக்கே ஆகாது. அது இந்த வெளிச்சத்துக்கெல்லாம்..."

இயக்குநர் இருமினார். சொல் அங்கேயே நின்றது.

"இந்த வெளிச்சத்துக்கெல்லாம்?" என்றார் அதிகாரி.

"கூச்சம்" என்றார் இயக்குநர். "புது இடம் இல்லையா. கொஞ்சம் கூச்சப்படுது. ஒரு வாரத்துல சரி பண்ணிடுவாங்க."

அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "காலியம்னு சொன்னாங்க. உள்ளயும் காலியோன்னு பார்த்தேன்." தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்து மற்றவர்களுக்கு வழிகாட்டினார். மேலாளர் சிரித்தார். இயக்குநரும் சிரித்தார். தூணுக்குப் பக்கத்தில் விளக்குமாறோடு நின்ற தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

காரில் ஏறும்போது இயக்குநர் சொன்னார்: "டார்ச் அடிச்சா மணி அடிக்கணும். அவ்வளவுதான். ஆலைத் தலைவரே திறந்துவைக்க வர்றார், அவர் கையாலே டார்ச் அடிப்பார். அன்னிக்கும் அது கூச்சப்பட்டா, அதுவும் நீங்களும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."

"சார், அப்புறம் அது தீயைப் பார்க்காது."

"தலைவர் என்ன தீயா? டார்ச்தானே அடிக்கப்போறார்?"

*

அக்கா பெட்டியைத் திறந்தாள். காலியம் நைட்ரைடுக் கண்ணை இடுக்கியால் கழற்றிப் பஞ்சில் வைத்தாள். அது இருந்த இடத்தில் ஒரு சாதாரணச் சிலிக்கான் கண்ணைப் பொருத்தினாள். தெருவிளக்கைத் தானாக ஏற்றி அணைக்க வைப்பார்களே, அந்த வகை. டார்ச் அடித்தாள். மணி கணீரென்று அடித்தது. ஆய்வகக் கதவு திறந்து வெளிச்சம் வந்தது, அதற்கும் அடித்தது. சன்னல் திரை ஆடியது, அடித்தது. ஒரு லைட்டரைப் பற்றவைத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். அறையில் இருந்த வெளிச்சத்தில் அந்தத் தீ எங்கேயோ கரைந்துபோயிற்று. மணி அடிக்கவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகிற நிலையெல்லாம் தாண்டிவிட்டிருந்தது. யோசிக்க மட்டும்தான் முடிந்தது. ஆலைக்குள் எந்தப் பொருள் போனாலும் அதற்கு ஏற்புச் சோதனை உண்டு, குழு உண்டு, புத்தகம் உண்டு, வாழ்த்துரை உண்டு. இவை எதுவும் இல்லாமல் உள்ளே போகும் பொருள் எது?

அன்று மாலை கீழ்வீட்டுக்குப் போய், "உன் விளக்குமாறைக் கொண்டாடா" என்றாள்.

"அடிக்கப்போறியா?"

"கொண்டாடான்னா."

கைப்பிடி உள்ளே கூடான அலுமினியக் குழாய். பேட்டரியும் ஒரு சின்ன ஊதலும் அதற்குள் போயின. ஈர்க்குக் கட்டுக்கு மேலே, முன்பக்கம் பார்த்தபடி கண்ணைப் பொருத்தி, சன்னல் மட்டும் தெரியும்படி கந்தல் துணியைச் சுற்றினாள். கரி பூசினாள். மற்ற விளக்குமாறுகளும் அப்படித்தான் கந்தலும் கரியுமாக இருந்தன. பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்று அவளுக்கே ஒரு பெருமை.

தம்பி அடுப்பைப் பற்றவைத்தான். கூடத்தின் கோடியில் சாத்தியிருந்த விளக்குமாறு வீல் என்று கத்தியது. அடுப்பை அணைத்தான். வாயை மூடியது. டார்ச்சை அடித்தான். சும்மா இருந்தது.

தம்பி மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அண்ணி, கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு. உங்களைக் கும்பிடவா, விளக்குமாறைக் கும்பிடவா?"

"பேர்லயே விளக்கு இருக்கே" என்றான் தம்பி. "இதைப்போய் இத்தனை நாள் குப்பை கூட்டவெச்சிருக்கோம்."

சில நாட்கள் அந்த விளக்குமாறு வேலை செய்தது. கதவின் கீழ் விளிம்பில் ஒருமுறை, மேலே கீல் பக்கம் ஒருமுறை, நுனி பற்றுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே கத்தி அவனை நிறுத்தியது. சட்டைகள் முழுசாக வீடு திரும்பின. எங்கேயாவது வெல்டிங் நடந்தாலும் அது கத்தும். அதற்குள் வண்டு புகுந்துவிட்டது என்று கூட்டாளிகளிடம் தம்பி சொல்லிவைத்தான். ஆனால் உலைகள் பல, கண் ஒன்று. மற்ற உலைக்காரர்கள் தம்பியின் முழுச் சட்டையைப் பார்த்து, "புருவத்துக்கு வந்த வாழ்வைப் பாரு" என்றார்கள். அதைக் கேட்ட அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

*

திறப்பு விழா அன்று அக்கா போய்ச் சேரும்போது உலைக் கொட்டகை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. தரையில் கம்பளம். தூணுக்குத் தூண் ஆலைத் தலைவரின் படம். கேமராக்காரர்களின் பெரிய விளக்குகள் பகலைப் பகலுக்குமேல் பகலாக்கிக்கொண்டிருந்தன. 'உண்மையான வேலையைப் பார்க்க வேண்டும்' என்று தலைவர் சொல்லியிருந்ததால், இந்த முறை உலை முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது.

சுவரில் மாட்டிய ஞானக்கண் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கேமரா விளக்கு திரும்பும்போதெல்லாம் அடித்தது. கைப்பேசி மின்னினால் அடித்தது. "தலைவர் கார் வந்ததும் கண்டுகொண்டது பாருங்க!" என்று ஒலிபெருக்கியில் இயக்குநர் சொல்ல, கூட்டம் கைதட்டியது.

தம்பி புதுச் சீருடையில் உலைக்குப் பக்கத்தில் நின்றான். அவள் பார்வை அவன் கைகளுக்குப் போனது. கை வெறுங்கையாக இருந்தது.

அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "அக்கா, விளக்குமாறைக் காணோம்!"

"காணோம்னா?"

"தலைவர் கண்ணுல விளக்குமாறு படக்கூடாதாம். எல்லாக் கொட்டகையிலேர்ந்தும் காலையில அள்ளிட்டுப் போயிட்டாங்க. பின்னாடி எங்கியோ கொட்டியிருக்காங்களாம். என்னை நகரவே விட மாட்டேங்கிறாங்க, போட்டோவுக்கு நிக்கணுமாம்."

"கதவுகிட்ட போகாதே. யார் சொன்னாலும் போகாதே."

"சொல்றது மேலாளர்" என்றான் அவன். அதற்குள் மேலாளர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

அக்கா பின்வாசலுக்கு ஓடினாள். கொட்டகைக்கு வெளியே விளக்குமாறு மலையாகக் கிடந்தது. ஒன்றோடொன்று பின்னி, கந்தலும் கரியுமாக, எல்லாம் ஒரே முகம். ஒன்றை இழுத்தால் நாலு வந்தன. கந்தலைப் பிரித்தாள், வெறும் குழாய். இன்னொன்றைப் பிரித்தாள், வெறும் குழாய். கை நகத்தில் ஈர்க்கு ஏறியது. ஒளித்துவைத்ததில் இத்தனை நாள் பட்ட பெருமையை அவள் அந்த இடத்தில் சபித்தாள்.

சுவரோரமாக ஓர் ஆள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். தலைவரின் கார் ஓட்டுநர். மறைத்த இடத்திலிருந்து புகை மேலே போய்க்கொண்டிருந்தது.

"லைட்டரைக் குடுங்க!"

"அம்மா, நான் பிடிக்கலம்மா. சும்மா கையில வெச்சிருந்தேன்."

"ஐயோ, குடுய்யா!"

அவன் லைட்டரை நீட்டினான். அவள் பற்றவைத்து, மலையைச் சுற்றி நடந்தாள். "அம்மா, கொளுத்திடாதீங்கம்மா, என் வேலை போயிடும்" என்று அவன் பின்னாலேயே வந்தான். இந்தப் பக்கம் சத்தமில்லை. அந்தப் பக்கம் சத்தமில்லை. ஒரு கொத்தைக் காலால் புரட்டித் தீயைத் தாழ்த்தியபோது, அடியிலிருந்து வீல் என்று ஒரு குரல் வந்தது. குழந்தையைக் கிணற்றிலிருந்து தூக்குகிறவள்போல அவள் அதை உருவினாள். லைட்டரை அணைத்தாள். குரல் நின்றது.

பின்வாசல் வழியாக உள்ளே காலெடுத்து வைத்தாள். விளக்குமாறு மறுபடி கத்தியது.

லைட்டரைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

எதிரே உலைக் கதவு. கதவுக்கு முன்னால் வெளிச்சம், காற்று, வேறொன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை நோக்கித் தலைவர் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி. "கதவுல கையை வெச்சு நில்லுங்க ஐயா, தொழிலாளியோட தோள்மேல இன்னொரு கை" என்றார் கேமராக்காரர். ஞானக்கண் கணகணவென்று அடித்துக் கொண்டாடியது.

"டேய்! அப்படியே நில்லுடா!"

மணிச் சத்தத்தில் அவள் குரல் போன இடம் தெரியவில்லை. அவள் ஓடினாள். கம்பளம் தடுக்கியது. "யாரது விளக்குமாறோட! பிடி, பிடி!" என்று மேலாளர் அலறினார். தம்பி திரும்பினான். அக்காவின் வாயை அவன் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த விளக்குமாறைப் பார்த்தான், அதன் வீறலைக் கேட்டான். ஒரு கையால் தலைவரின் இடுப்புப் பட்டையைப் பற்றிப் பின்னால் இழுத்தான். அவள் நீட்டிய விளக்குமாறு தலைவரின் மூக்குக்கு முன்னால் வெறும் காற்றில் நுழைந்தது. நுனி குப்பென்று பற்றிக்கொண்டது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கி இயக்குநரின் கையில்தான் இருந்தது. "கண்டுபிடிச்சிருச்சு!" என்றார் அவர். "ஞானக்கண் தீயைக் கண்டுபிடிச்சிருச்சு! தலைவர் உயிரைக் காப்பாத்திருச்சு!" கைதட்டல் இடித்தது. "எல்லா உலைக்கும் ஒரு ஞானக்கண்! இனிமேல் இந்த ஆலையில விளக்குமாறுக்கே இடம் இல்லை!"

அக்கா எரியும் நுனியைத் தரையில் தேய்த்து அணைத்தாள். சும்மா இருந்தால் போதும். வேலை இருக்கும், ஒருவேளை நிரந்தரமும் ஆகும். எல்லா உலைகளுக்கும் முன்னால் எல்லாத் தம்பிகளும் வெறுங்கையோடு நிற்பார்கள்.

"கேமரா விளக்கையெல்லாம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள். திகைப்பில் அவர்கள் திருப்பினார்கள். பெட்டியின் மேலிருந்து வெளிச்சம் விலகியது. மணி நின்றது. கதவில் தீ அப்படியே இருந்தது. விளக்குமாறு அவள் கையில் கத்திக்கொண்டே இருந்தது.

"ஐயா, அந்தப் பெட்டிக்கு எல்லாம் தெரியும். தீ மட்டும் தெரியாது. இந்த விளக்குமாறு எல்லாத்துக்கும் குருடு. இதுக்குத் தீ மட்டும்தான் தெரியும். நல்ல கண்ணை இதுல வெச்சேன். பெட்டியில வெச்சது பொய்."

குருடு என்ற சொல் ஒலிபெருக்கி இல்லாமலேயே கொட்டகை முழுக்கக் கேட்டது.

"யார் இந்தம்மா?" என்றார் தலைவர்.

"தற்காலிகம் ஐயா" என்றார் இயக்குநர். "இன்னியோட முடியுது."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். முன்னால் காற்று, பின்னால் காற்று, பக்கவாட்டில் காற்று. எந்தக் காற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அந்தப் பெரிய கூட்டத்தில் யாருமில்லை. சட்டென்று கையை நீட்டி அக்காவிடமிருந்து விளக்குமாறைப் பிடுங்கினார். இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டினார். வாசலைப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்து நடக்க ஆரம்பித்தார். அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு மேலாளர், அவருக்குப் பின்னால் கொள்முதல் அதிகாரி, கடைசியில் ஒலிபெருக்கியோடு இயக்குநர்.

"ஐயா, அது வேணும்! இங்கே தீ எரியுது! அது ஒண்ணுதான் இருக்கு!" என்று அக்கா பின்னால் ஓடினாள். காவலாளிகள் கையைக் குறுக்கே வைத்தார்கள். தலைவர் காரில் ஏறினார். விளக்குமாறு நீளம், கதவைச் சாத்த முடியவில்லை. கண்ணாடியை இறக்கி, நுனியை வெளியே விட்டுக்கொண்டார். கார் போய்விட்டது.

கொட்டகை காலியானது. உலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து வாயுவை நிறுத்தும் விசை பழுதாகி நாளாயிற்று. கையால் அடைக்கும் திருகு, உலைக்கு அந்தப் பக்கம், கதவைத் தாண்டி. அடைக்காமல் விட்டால் அந்தத் தீ எதுவரை போகும் என்று தம்பிக்குத் தெரியும்.

அவன் பின்வாசலுக்குப் போய், மலையிலிருந்து ஒரு விளக்குமாறை எடுத்து வந்தான். வெறும் விளக்குமாறு.

"நீ வெளியே போக்கா."

அவளும் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்குப் பிடிக்கவே தெரியாது. மேலே தூக்கிப் பிடி. முகத்துக்கு நேரா."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம். புருவம் இருக்கிறவங்க ஜாக்கிரதையாப் பிடிக்கணும்."

இருவரும் தோளோடு தோளாக நின்று, விளக்குமாறுகளை வெளிச்சத்துக்குள் நீட்டி, நுனிகளைப் பார்த்துக்கொண்டே முதல் அடியை வைத்தார்கள்.